வறண்ட நிலத்தில் மோப்பம் தவறவிட்ட பாயிண்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு வயது பெட்டை நாய், பறவை இருக்கும் இடத்தை உறைந்து நின்று காட்டும் பாயிண்டர் என்ற வேட்டை இனம். எடை 24 கிலோ, உடம்பு முழுக்க அடர் பழுப்பு. முந்தைய பருவத்தில் அதன் மூக்கைப் பற்றி யாருக்கும் குறை இருந்ததில்லை, காற்று கொஞ்சம் ஒத்துழைத்தால் தூரத்திலேயே பறவையின் வாசனையைப் பிடித்து முன்காலைத் தூக்கி அப்படியே உறைந்து நிற்கும். உரிமையாளர் பல வருடமாக நாய் வளர்ப்பவர், அவரிடம் கூடவே ஒன்பது வயது ஸ்பேனியல் இன நாய் ஒன்றும் இருக்கிறது. இந்த ஆய்வில் அதற்கும் பங்கு உண்டு.

வேட்டைப் பருவம் திறக்கும் முன்பான பயிற்சி மாதம் அது. மழை பெய்து நாளாகிவிட்டது, புல் காய்ந்து மொரமொரவென்று இருந்தது, விடியற்காலையில்கூடப் பனி இறங்கவில்லை. பயிற்சிக்கு வருபவர்கள் ஒரு சிறு குழு. வளர்ப்புக் காடைகளைச் சிறு கூண்டுகளில் வைத்துப் புல்லுக்குள் அங்கங்கே மறைத்துவிட்டு நாயை அவிழ்த்து விடுவார்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது: பறவை எங்கே இருக்கிறது என்பது மனிதர்களுக்குத் தெரியும். நாய் எதைத் தாண்டிப் போனது, எவ்வளவு நெருக்கத்தில் தாண்டியது என்பதைப் பார்க்க முடியும். உண்மையான வேட்டையில் நாய் தவறவிட்ட பறவையைப் பற்றி நமக்குச் சேதியே வராது.

முதலில் கண்ணில் பட்டது

முதல் சில காலைகளில் பாயிண்டர் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பறவைகளைச் சரியாகப் பிடித்தது, அப்புறம் வரிசையாக விட்டது. ஓட்டத்தில் குறை இல்லை, சொல்லப்போனால் வழக்கத்தைவிட வேகமாகவே ஓடியது. ஆனால் காற்று பறவையிலிருந்து நேராக நாயை நோக்கி வீசும் இடத்தில், மூன்று நான்கு மீட்டர் தூரத்தில், தலையைக்கூடத் திருப்பாமல் கடந்து போனது. உரிமையாளருக்கு வந்த முதல் சந்தேகம் மூக்கின் மேல்தான். “மூக்கு போச்சு அண்ணே, வேற என்ன சொல்ல” என்று பயிற்சி நடத்துபவரிடம் சொன்னார். தீனியை மாற்றிப் பார்த்தார். மூக்கு நுனியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். குழுவில் ஒருவர் எண்ணெய் தடவச் சொன்னார், நல்லவேளையாக அதை யாரும் செய்யவில்லை. வாசனையை உணர்வது மூக்கின் நுனி அல்ல, உள்ளே வெகுதூரத்தில் இருக்கும் ஈரச் சவ்வு, வெளியே எதைப் பூசினாலும் அங்கே போய்ச் சேராது.

கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள். காய்ந்த புல்லின் முள்ளு விதை மூக்குத் துவாரத்தில் ஏறியிருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். அப்படி ஏறினால் திடீரென்று விடாத தும்மல் வரும், ஒரு பக்கத்தில் மட்டும் சளியோ ரத்தமோ வடியும். இதற்கு எதுவும் இல்லை. பல், ஈறு சுத்தம். சமீபத்தில் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தீர்களா என்றும் கேட்டார், அந்த மருந்து சில நாய்களுக்கு மோப்பத் திறனைத் தற்காலிகமாக மந்தமாக்கும் என்பதால். கொடுக்கவில்லை. மருத்துவரைப் பொறுத்தவரை மூக்கில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

ஒரு குறிப்பு மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பறவையைத் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் நாயின் வாய் திறந்திருந்தது.

சூடு ஏறிய காலை

அன்று வண்டிகள் வந்து சேரவே தாமதம். நிழலில் 31 டிகிரி, வெயிலில் இருந்த தரையில் புறங்கையை வைத்தால் சில வினாடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை. பாயிண்டரின் முறை வரும்வரை அது வேனில் கூண்டுக்குள் இருந்தது. மற்ற நாய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, குரைத்துக்கொண்டு, கூண்டுக் கம்பியைப் பிராண்டிக்கொண்டு. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் உள்ளே காற்றோட்டம் இல்லை. அவிழ்த்தபோதே நாக்கு வெளியே தொங்கியது.

சுமார் இருபது நிமிடம் ஓடியது, இரண்டு பறவைகளைத் தாண்டிப் போனது. பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்த உரிமையாளர் விசில் ஊதி மறுபடி ஒரு சுற்றுக்கு அனுப்பினார். அந்தச் சுற்றில் நாய் புதர் நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது, கூப்பிட்டால் வரவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது நாக்கு நுனி அகன்று கரண்டி மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது, கன்னம் பின்னுக்கு இழுத்துப் பற்கள் முழுசாகத் தெரிந்தன, எச்சில் நூல் நூலாகக் கெட்டியாகத் தொங்கியது, ஈறு செங்கல் சிவப்பு. எழுப்பியபோது பின்னங்கால் லேசாகத் தடுமாறியது.

பயிற்சி நடத்துபவரிடம் தெர்மாமீட்டர் இருந்தது. ஆசனவாயில் வைத்துப் பார்த்ததில் 41.3 டிகிரி. ஆரோக்கியமான நாய்க்கு இயல்பு 38.3 முதல் 39.2 வரை. கடுமையாக ஓடும் வேலை நாய்கள் 41ஐத் தொட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் இறங்கி வருவதும் உண்டு, அதனால் எண் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் இங்கே எண்ணோடு தடுமாற்றமும் சேர்ந்திருந்தது. வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

குழுவில் ஒருவர் உடனே வண்டியில் போட்டு மருத்துவரிடம் ஓடலாம் என்றார். பயிற்சி நடத்துபவர் ஒப்புக்கொள்ளவில்லை, முதலில் இங்கேயே குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டி என்றார். இன்றைய மருத்துவ வழிகாட்டுதலும் அதுதான். பயண நேரம் முழுக்க உடம்பு சூட்டிலேயே இருந்தால் உள்ளுறுப்புகளின் சேதம் கூடிக்கொண்டே போகும். கழுத்துப்பட்டையைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, இருந்த தண்ணீர் கேன்களை வயிறு, கவட்டை, அக்குள், கால்கள் என்று முடியின் வேர் நனையும் அளவுக்குத் தொடர்ந்து ஊற்றினார்கள். இரண்டு பேர் அட்டையால் விசிறினார்கள். ஒருவர் ஈரத்துண்டைக் கொண்டுவந்து முதுகில் போர்த்தினார், அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், ஏனென்றால் போர்த்திய துண்டு சீக்கிரமே சூடேறி உடம்பின் வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ரத்தக்குழாய் சுருங்கி நிலைமை மோசமாகும் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. ரொம்ப நாளாகச் சுற்றும் பேச்சு அது. இளமையான ஆரோக்கியமான நாய்க்கு, நினைவு இருக்கும்போது, குளிர்ந்த தண்ணீர்தான் வேகமாக வேலை செய்யும். குடிக்கக் கொஞ்சமாக முன்னால் வைத்தார்கள், வாயில் ஊற்றவில்லை.

சில நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருந்து 39.5 வந்ததும் நிறுத்தினார்கள். அதற்கு மேலும் ஊற்றினால் இயல்புக்குக் கீழே சரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. பிறகு ஏசி போட்ட வண்டியில் மருத்துவரிடம் கொண்டு போனார்கள். நாய் அதற்குள் வாலாட்ட ஆரம்பித்துவிட்டதால் உரிமையாளருக்குப் போகத் தோன்றவில்லை, வற்புறுத்தித்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது. ரத்தம் உறைவதில் வரும் சிக்கலும் சிறுநீரகப் பாதிப்பும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால் மருத்துவர் அன்றும் மறுநாளும் ரத்தப் பரிசோதனை செய்தார். இரண்டிலும் குறை இல்லை.

ஸ்பேனியல் காட்டிக்கொடுத்தது

பாயிண்டரை மருத்துவரிடம் கொண்டு போன பிறகு, நிலத்தில் விட்ட கூண்டுகளை எடுக்க ஆள் போனபோது ஸ்பேனியலையும் அழைத்துப் போனார்கள். அது அதுவரை மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. பாயிண்டர் தாண்டிப்போன இரண்டு பறவைகளில் ஒன்றை அது நேராகப் போய்க் கண்டுபிடித்தது. காலை இன்னும் சூடாகியிருந்தது, காற்றும் குறைந்திருந்தது, அதே புல், அதே கூண்டு. ஆக அங்கே வாசனையே இல்லை என்று சொல்ல வழியில்லை. கொஞ்ச தூரம் நடந்து ஸ்பேனியலும் இரைக்கத் தொடங்கியதும் இரண்டாவது பறவையை அதுவும் விட்டது.

இங்கேதான் பேச்சு திசை மாறியது. நாய்க்கு வியர்வை என்பது பாதத்தில் கொஞ்சம், அவ்வளவே. மற்றபடி வெயிலில் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி மூக்கு, நாக்கு, வாய் ஆகியவற்றின் ஈரத்தைக் காற்றில் ஆவியாக்குவது. ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இருக்கும் மூச்சு, இரைக்கும்போது 200, 300 என்று போகும், அந்தக் காற்றில் பெரும்பகுதி வாய் வழியே வெளியேறும். மோப்பம் பிடிப்பது வேறு வேலை. வாயை மூடி, வினாடிக்கு ஐந்து தடவை போலச் சிறு சிறு இழுப்பாக மூக்கால் இழுத்து, அதில் ஒரு பங்கை மூக்கின் பின்கோடியில் இருக்கும் உணர் சவ்வுவரை கொண்டு போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழுங்காகச் செய்ய நாயால் முடியாது. சூடு ஏறினால் உயிர் காக்கும் வேலைதான் ஜெயிக்கும். போதாக்குறைக்கு வறண்ட காற்று அந்தச் சவ்வின் ஈரத்தையும் வேகமாக எடுத்துக்கொள்ளும், வாசனைத் துகள் கரைவதற்கே அந்த ஈரம்தான் வேண்டும். வறண்ட காற்றில் ஆவியாதல் நன்றாக நடப்பதால் குளிர்ச்சிக்கு அது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், உடம்பில் தண்ணீர் இருக்கும்வரை.

பாயிண்டரின் மூக்குக்கு எதுவும் ஆகவில்லை. அதற்கு முகர நேரம் இல்லாமல் போயிருந்தது.

எடுத்த முடிவுகள்

மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்த பிறகு பயிற்சியை மெதுவாகத் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு தடவை வெப்பத்தாக்கு கண்ட நாயை அடுத்த வாரமே பழைய வேகத்துக்கு விடக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

முதல் மாற்றம் ஓட்டத்தில் இல்லை, காத்திருப்பில். வேன் கூண்டில் குரைத்துக் குரைத்து நாய் ஓடும் முன்பே சூடேறிவிடுகிறது என்று பயிற்சி நடத்துபவர் உறுதியாகச் சொன்னார். என் பார்வையில் இந்த நிகழ்வில் மிக முக்கியமான கவனிப்பு இது. அதனால் மற்ற நாய்கள் ஓடுவது தெரியாத மறைவில், நிழலில், காற்று வரும் பக்கமாகப் பார்த்துக் கட்டினார்கள். வாய் மூடியிருந்தால்தான் அவிழ்ப்பது என்று ஒரே ஒரு விதி. கடிகாரத்தைவிட இது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

ஓட்டத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிழல், கொஞ்சம் தண்ணீர், மறுபடி வாய் மூடும்வரை காத்திருப்பு. தண்ணீரை ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல் ஒரு டம்ளர் அளவாக அடிக்கடி. ஓய்வில் இருக்கும் நாய்க்கே கிலோவுக்கு 50, 60 மில்லி என்று ஒரு நாள் கணக்கு, இந்த நாய்க்கு அது 1.2 முதல் 1.4 லிட்டர் வரை வரும், வேலை நாளில் பல மடங்கு கூடும். களத்தில் கிளர்ச்சியில் இருக்கும் நாய் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது என்பதால் முந்தைய இரவிலேயே உப்பில்லாத இறைச்சிச் சாறு கொஞ்சம் கலந்து குடிக்க வைத்தார்கள். மனிதர்கள் குடிக்கும் உப்புச் சர்க்கரை பானம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாய் இரைத்து இழப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான், நம்மைப் போல வியர்வையில் உப்பை இழப்பதில்லை. தவிர அந்தப் பானங்களில் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம். சாப்பாடு முந்தைய மாலையோடு சரி, ஓடப்போகும் காலையில் வெறும் வயிறு.

தலையை முக்கப் பழக்கியதுதான் இதில் புதுமை. 2024ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வேலை நாய் மையம் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி செய்த நாய்களுக்கு ஈரத்துண்டு, குளிர்ப் பொதி போன்ற முறைகளோடு ஒப்பிட்டபோது, தானே விரும்பித் தலையைத் தண்ணீரில் முக்கும் நாய்க்குத்தான் உடல் வெப்பம் சீக்கிரம் இறங்கத் தொடங்கியது. முகத்திலும் காதிலும் ரத்த ஓட்டம் அதிகம். வீட்டில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அடியில் தின்பண்டத்தைப் போட்டு, முதலில் மூக்கு நனையும் ஆழம், அப்புறம் கண் நனையும் ஆழம் என்று கூட்டினார்கள். கையால் தலையைப் பிடித்து அமுக்கும் பேச்சுக்கே இடமில்லை, பயந்த நாய் தண்ணீரை மூச்சோடு இழுத்துவிடும். மயங்கிய நாய்க்கும், மூச்சைக் கட்டுப்படுத்த முடியாதபடி இரைக்கும் நாய்க்கும் இந்த முறை கூடவே கூடாது, அவற்றுக்கு உடம்பில் ஊற்றுவதுதான். பாயிண்டர் இரண்டாவது வாரத்துக்குள் தின்பண்டம் இல்லாமலே முக்கப் பழகிவிட்டது. முக்கி எடுத்துச் சிலுப்பும்போது தூசியும் போய்விடுகிறது.

பழக்கப்படுத்தலும் தேவைப்பட்டது. ஓய்வு மாதங்களை இந்த நாய் ஏசி அறையில் கழித்திருக்கிறது, எடையும் கூடியிருந்தது, விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தெரியவில்லை. வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும், முழுசாகப் பழக இன்னும் அதிகம். படுக்கையை நிழலான வெளித் திண்ணைக்கு மாற்றி, மாலை நடையை மெதுவாக நீட்டினார்கள். எடை குறைய நாளானது.

ஆவியாதல் முறையில் குளிரவைக்கும் மேலங்கி ஒன்றும் வாங்கினார்கள். நனைந்திருக்கும்வரை வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்தது. காய்ந்ததும் வெறும் கம்பளி. ஓடும்போது முள்ளில் மாட்டி இழுத்தது. அதனால் ஓய்வு நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு இன்னும் நாலு தண்ணீர் கேன் வாங்கியிருக்கலாம்.

நிலத்தையும் மாற்றினார்கள்

நாயைச் சரிசெய்தால் பாதிதான் முடியும். பறவையிடமிருந்து உதிரும் தோல் துகளும் இறகுத் தூளும் அவற்றின் மேல் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் சேர்ந்துதான் வாசனை, அதற்கும் ஈரம் வேண்டும். வெயில் ஏறியதும் சூடான தரையிலிருந்து காற்று மேலே கிளம்பும், வாசனையும் அதோடு கலைந்து நாயின் தலைக்கு மேலே போய்விடும். அதனால் விடியும் வெளிச்சத்தில் தொடங்கி, தரை சூடேறும் முன் முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மாலையில் விடுவதென்றால் சூரியன் சாய்ந்து தரை ஆறிய பிறகு. அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வாசனையும் பள்ளத்தில் வந்து தேங்கும்.

திறந்த வெளியை விட்டுவிட்டு ஓடைக்கரை, வேலியின் நிழல் பக்கம், அடர்ந்த புல்லின் அடி ஆகிய இடங்களுக்குப் போனார்கள். அங்கே ஈரம் கொஞ்சம் நிற்கும், வெயில் நேரத்தில் காட்டுப் பறவைகளும் அங்கேதான் ஒதுங்கும் என்பதால் பயிற்சிக்கும் அது பொருத்தம்.

எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே நாயை வேலை செய்ய விட்டார்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் மூக்குக்கு வாசனையும் வராது, உடம்புக்குக் காற்றும் படாது. நிலத்தின் மறுகோடி வந்ததும் வாரைப் போட்டு மெதுவாக நடத்தித் திரும்பக் கொண்டு வந்தார்கள். முன்பெல்லாம் அந்தத் திரும்பும் தூரத்தையும் நாய் ஓடியே கடந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது

மாற்றங்கள் எல்லாம் ஒன்றாகவே வந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு சீக்கிரமே தெரிந்தது. முதல் பத்து நிமிடத் துண்டில் பாயிண்டர் பழையபடி தூரத்திலேயே நின்றது. இரண்டாவது துண்டிலும் நின்றது. மூன்றாவதில் சில நாட்களில் தவறவிட்டது, அப்படி விட்ட நாட்களில் வாய் முழுசாக மூடும் முன்பே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். உரிமையாளருக்கு அவசரம், காத்திருக்க மனசு வராது. ஒரு நாள் காத்திருப்பு நீண்டுகொண்டே போனதும் தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னைக்கு இது போதும் அண்ணே” என்று அவரே வாரை மாட்டினார்.

வேகம் குறைந்திருந்தது. ஆரம்பத்தில் இது உரிமையாளருக்கு வருத்தம்தான், பாய்ந்து ஓடும் பாயிண்டரைப் பார்க்கத்தானே இந்த நாயை வாங்கினார். ஆனால் மெதுவாக ஓடிய நாய் அதிகப் பறவைகளைக் கண்டுபிடித்தது. பருவம் திறந்த பிறகும் வறட்சி தொடர்ந்தது, பாயிண்டரையும் ஸ்பேனியலையும் மாற்றி மாற்றி விட்டார்கள், ஒன்று ஓடும்போது மற்றது நிழலில். வெப்பத்தாக்கு மறுபடி வரவில்லை. மழை பெய்து தரை நனைந்த பிறகு துண்டுகளை நீட்டினார்கள், அவிழ்க்கும் விதியை மட்டும் மாற்றவில்லை.

இனி மாற்றப்போவது

அடுத்த பருவத்துக்குப் பழக்கப்படுத்தலைப் பயிற்சி மாதத்தில் தொடங்காமல் அதற்கு வெகு முன்பே தொடங்குவதாகத் திட்டம். ஓய்வில் இருக்கும்போதும் ஓட்டம் முடிந்ததும் தெர்மாமீட்டர் வைத்து, இந்த நாய்க்கு எது இயல்பு, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கப் போகிறார்கள், ஏனென்றால் 41.3 வந்த அன்று ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய எண் எதுவும் கையில் இல்லை. இருக்கும் தண்ணீரில் பாதியைக் குடிக்க, மீதியை ஊற்ற என்று தனியாக ஒதுக்கி வைப்பதும் பட்டியலில் இருக்கிறது. அன்று கேன்கள் கிட்டத்தட்ட காலியாகிவிட்டன, இன்னொரு நாய்க்கும் அதேபோல ஆகியிருந்தால் ஊற்றத் தண்ணீர் இருந்திருக்காது. தவறவிட்டால் திரும்ப அனுப்புவது என்ற பழக்கத்தைக் குழு முழுவதுமாகக் கைவிட்டிருக்கிறது. இரண்டு பறவை தொடர்ந்து தவறினால் நாயை நிறுத்தி, ஈறின் நிறத்தையும் நாக்கின் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

ஸ்பேனியலுக்குத் தலை முக்குவது இன்னும் பழகவில்லை. முன்னங்காலை மட்டும் பாத்திரத்தில் வைத்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. அதற்கு இப்போதைக்கு வயிற்றில் ஊற்றுவதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.